கலை மேலாண்மையில் முதுகலை: சாட்ஸ்வர்த்திலிருந்து கேட்ட தங்கைக்கு

கேட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறார். நாடகத்தில் மூன்று வருட பி.ஏ. முடித்தவர், கோயில் கமிட்டியிலும் ஓடியாடி வேலை பார்ப்பவர். அவருடைய கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: “அக்கா, கலை மேலாண்மை, பண்பாட்டுக் கொள்கை என்று மாஸ்டர்ஸ் படிப்பு இருக்கிறதாமே, அதில் என்ன சொல்லித்தருவார்கள்? இங்கேயே படிக்கலாமா, லண்டன் போகவேண்டுமா? படித்து முடித்தால் வேலை உண்டா?”

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் கழித்துவிடுகிறேன். இது விழா நடத்தக் கற்றுத்தரும் படிப்பு இல்லை. ஹால் புக் பண்ணுவது, பந்தல் போடுவது, மைக் செட்காரரோடு மல்லுக்கட்டுவது, நகராட்சியில் அனுமதி வாங்குவது, ஆயிரம் பேருக்கு பிரியாணி அண்டா ஏற்றுவது எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி. புரட்டாசி மாதம் ஒரு கோயிலில் வேலை பார்த்தவருக்கு அதற்கு மேல் நிகழ்ச்சி மேலாண்மை சொல்லித்தர எந்தப் பேராசிரியராலும் முடியாது. அதற்காக மட்டும் என்றால் காசைச் செலவழிக்காதீர்கள்.

படிப்பில் இரண்டு பாதி உண்டு. மேலாண்மைப் பாதியில் பட்ஜெட், நிதி திரட்டல், ஒப்பந்தம், காப்புரிமை, நிர்வாகக் குழு எப்படி இயங்கவேண்டும், பார்வையாளரை எப்படி வளர்ப்பது ஆகியவை வரும். பயனுள்ளவைதான், ஆனால் நாலைந்து வருடம் வேலை பார்த்தாலும் வந்துவிடும். கொள்கைப் பாதி வேறு மாதிரி. எந்தக் கலைக்கு அரசுப் பணம் போகிறது, யார் முடிவு செய்கிறார்கள், எந்தச் சட்டம் அந்த முடிவைச் சாத்தியமாக்குகிறது என்று படிக்கக் கற்றுத்தருவது அது. தனியாக இருந்து கற்றுக்கொள்வது கடினம். நம் ஆட்கள் அதிகம் கவனிக்காததும் அதைத்தான். என்னைக் கேட்டால், இந்தப் பாதிக்காகத்தான் படிக்கவேண்டும்.

ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம் கரும்புத் தோட்டத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த தெருக்கூத்து உங்களுக்குத் தெரியும், இங்கே பலரும் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்பார்களே, அதுதான். ஒரு குழு தேசியக் கலைக் கவுன்சிலுக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கவுன்சில் பணத்தைத் துறைவாரியாகப் பிரிக்கிறது: நாடகம், நடனம், இசை, இலக்கியம், கைவினை, காண்கலை, பல்துறை. கூத்து எந்தப் பெட்டியில் போகும்? ஆடுகிறார்கள், ஆகவே நடனம். கதை நடக்கிறது, ஆகவே நாடகம். மத்தளமும் பாட்டும் இல்லாமல் கூத்தே இல்லை, ஆகவே இசை. கோயில் வாசலில் நேர்த்திக்கடனாக ஆடினால் அது வழிபாடு. ‘வாழும் மரபு’ என்று சொல்லிவிட்டால் தேசிய மரபுரிமைக் கவுன்சில் என்கிற வேறு அலுவலகத்தின் வாசலுக்குப் போகவேண்டும்.

அந்தக் கூத்துக் குழுவின் பாட்டு நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊரில் நிறைய பாட்டு நோட்டுகளைப் போலவே தமிழ்ப் பாட்டு ஆங்கில எழுத்தில் இருக்கும். எங்கே இழுக்கவேண்டும், எங்கே மத்தளம் விழும் என்று பென்சிலில் கோடு போட்டிருக்கும். பாடுகிறவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அர்த்தமும் முழுசாகத் தெரியாமல் இருக்கலாம், ராகம் மட்டும் அச்சுப் பிசகாது. இதற்குக் காசு கொடுத்தால் மொழியை வளர்க்கிறோமா, நிகழ்த்துகலையை வளர்க்கிறோமா, ஆவணத்தைக் காக்கிறோமா? விண்ணப்பப் படிவத்தில் இதற்கு இடம் கிடையாது. ஒரு சதுரத்தில் ‘டிக்’ போடவேண்டும், அவ்வளவுதான். போட்ட டிக்குக்கு ஏற்ப அடுத்த வருடம் கூத்தே கொஞ்சம் மாறும். நடனம் என்று எழுதிய குழு நாற்பது நிமிட மேடை நடனமாகச் சுருக்கிக் கொடுக்கும், விடிய விடிய ஆடுவது போய்விடும். ஒரு படிவம் ஒரு கலையை எப்படி வெட்டித் தைக்கிறது என்று பார்க்கத் தெரிவதுதான் பண்பாட்டுக் கொள்கை படிப்பு.

இன்னொன்று வரிச் சட்டம். இதைச் சொன்னால் கமிட்டிக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி, அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு நன்கொடை கொடுப்பவர் தன் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாப் பொதுநலப் பணிக்கும் இந்தச் சலுகை கிடையாது. சமூக நலம், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல், வீட்டுவசதி ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு, கலை, பண்பாடு, சமயம் இல்லை. கலை அமைப்பே வரிவிலக்கு பெறலாம், அதற்குக் கொடுக்கிற வள்ளலுக்குத்தான் ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் இங்கே பாதி நடனப் பள்ளிகளும் நாடகக் குழுக்களும் தங்கள் திட்டத்தை ‘ஏழைக் குழந்தைகளுக்குக் கல்வி’ என்று எழுதுகின்றன. சிலது உண்மையிலேயே கல்வி, சிலதுக்கு அது வெறும் சட்டை. (உங்கள் பள்ளியை அப்படிப் பதிவு செய்ய நினைத்தால் முதலில் ஒரு வரிக் கணக்காளரைப் பாருங்கள். எல்லா வகுப்பும் சட்டத்தின் கண்ணில் கல்வி ஆகிவிடாது.)

மூன்றாவது, கட்டடம். அறுபது வயதைத் தாண்டிய எந்தக் கட்டடத்தையும் மரபுரிமை அதிகாரத்தின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. 1999-ன் தேசிய மரபுரிமை வளச் சட்டம் அப்படிச் சொல்கிறது, நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் அமாஃபா என்கிற அமைப்பு அதைப் பார்க்கிறது. பெல்லேர் சாலையில் 1947-ல் கட்டிய அம்பலவாணர் ஆலயம் மாதிரி பழைய கோயில்களுக்குத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தின் கீழ் நம்மைக் கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பெயர்த்து சாட்ஸ்வர்த்தில் போட்டது 1960களில். அப்போது கட்டிய சின்னச் சின்னக் கோயில்கள் ஒவ்வொன்றாக இப்போது அறுபதைத் தொடுகின்றன. கும்பாபிஷேகத்துக்காக இந்தியாவிலிருந்து ஸ்தபதியை வரவழைத்துப் பழையதைத் தட்டிவிட்டுப் புதுக் கோபுரம் எழுப்புவது நம் வழக்கம். அந்த வழக்கமும் இந்தச் சட்டமும் நேருக்கு நேர் மோதப்போகின்றன. கமிட்டியும் அமாஃபாவும் பேசும்போது இரண்டு பக்கத்து நியாயமும் தெரிந்த ஒரு ஆள் நடுவில் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம்.

சரி, பாடத்தில் வரலாறு எவ்வளவு என்று கேட்பீர்கள். நிறைய. 1963-ல் அன்றைய வெள்ளை இனவெறி அரசு நான்கு மாகாணங்களுக்கும் நிகழ்த்துகலைக் கவுன்சில் வைத்தது. நேட்டாலில் இருந்ததை ‘நாப்பாக்’ என்பார்கள். பாலே, ஆப்பெரா, ஆர்க்கெஸ்ட்ரா, நாடகம் என்று சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தினார்கள், யாருக்காக என்று சொல்லத் தேவையில்லை. நம் ஆட்கள் அப்போது பள்ளிக்கூட ஹாலிலும் கோயில் திண்ணையிலும் ஒத்திகை பார்த்தார்கள். 1994-ல் இனவெறி ஆட்சி முடிந்த அப்புறம் எல்லாம் திரும்பியது. 1996-ல் வந்த கலை, பண்பாடு, மரபுரிமை வெள்ளை அறிக்கைதான் (அரசின் கொள்கை அறிக்கை) இந்தத் துறையில் அடிப்படை ஆவணம். படிப்பில் சேருமுன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள், நேர்முகத்தில் கை கொடுக்கும். அதைத் தொடர்ந்து அந்த நான்கு கவுன்சில்களும் வெறும் அரங்குகளாக மாறின, சம்பளத்துக்கு இருந்த குழுக்கள் கலைந்தன. 1935-ல் சினிமா கொட்டகையாகத் திறந்த நம் டர்பன் பிளேஹவுஸ் இன்று தேசியப் பண்பாட்டு நிறுவனங்களில் ஒன்று. கலைஞருக்கு நேரடியாகக் காசு கொடுக்க 1997-ல் தனிச் சட்டம் போட்டு தேசியக் கலைக் கவுன்சிலை உண்டாக்கினார்கள்.

இங்கேதான் ‘கை எட்டாத தூரம்’ என்கிற கொள்கை வருகிறது. பணம் அரசுடையது, ஆனால் எந்தக் கலைஞருக்கு என்பதை அமைச்சர் முடிவு செய்யக்கூடாது, சுயேச்சையான குழு முடிவு செய்யவேண்டும். காகிதத்தில் அழகாக இருக்கும். 2001-லேயே சட்டத்தைத் திருத்தி, கவுன்சில் தலைவரை அமைச்சரே நியமிக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். தூரம் எவ்வளவு குறைந்தது என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள், தயாராக இருங்கள்.

2021-ல் நடந்ததும் கண்டிப்பாக வகுப்பில் வரும். கொரோனாவில் கலைஞர்கள் எல்லாருக்கும் பிழைப்பு போனது. ஜனாதிபதியின் வேலைவாய்ப்புத் தூண்டுதல் திட்டத்தில் கலைக் கவுன்சிலுக்கு 30 கோடி ரேண்ட் வந்தது. கையில் இருந்ததைவிட அதிகமாக ஒப்பந்தம் போட்டுக் கொடுத்துவிட்டு, அப்புறம் தொகையைக் குறைக்கிறோம் என்றார்கள். ஆப்பெராப் பாடகி சிபோங்கிலே ம்ங்கோமா தலைமையில் கலைஞர்கள் ஜோகன்னஸ்பர்க் நியூடவுனில் உள்ள கவுன்சில் அலுவலகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு மாத அளவுக்கு நீண்டது அந்த உள்ளிருப்பு. இதில் ஊழல் உண்டா இல்லையா என்று பேசுவது செய்தித்தாள் வேலை. மேலாண்மை படித்தவர் வேறு கேள்வி கேட்பார்: ஒரே தடவையாக வரும் பெருந்தொகையைக் குறுகிய காலத்தில் பிரித்துக்கொடுக்க அந்த அலுவலகத்தில் ஆள் இருந்ததா, மதிப்பிடும் குழுவுக்கு மீதித் தொகை எவ்வளவு என்று யார் சொன்னார்கள்? சலிப்பான கேள்விகள்தான், ஆனால் பதில் அங்கேதான் கிடக்கும்.

தத்துவமும் கொஞ்சம் வரும். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூவின் ‘பண்பாட்டு மூலதனம்’ (ரசனையும் படிப்பும்கூட ஒருவகைச் சொத்து என்கிற கருத்து) எப்படியும் வரும். எனக்குப் பிடித்தது பொருளாதாரப் பக்கம். 1966-ல் வில்லியம் பாமோல், வில்லியம் போவென் என்கிற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் சொன்ன வாதம் இது: தொழிற்சாலையில் ஒரு ஆள் செய்யும் வேலை வருடா வருடம் கூடும், மேடையில் கூடாது. அரங்கேற்றத்துக்கு அன்றும் மிருதங்கம், வயலின், பாட்டு, நட்டுவாங்கம் என்று தனித்தனி ஆள் வேண்டும், இன்றும் அத்தனை பேர் வேண்டும். மற்ற இடத்தில் சம்பளம் ஏறும்போது இவர்களுக்கும் ஏற்றித்தான் ஆகவேண்டும். ஆகவே டிக்கெட் காசில் மட்டும் நிகழ்கலை வாழமுடியாது, செலவு எப்போதும் முந்திக்கொண்டே இருக்கும். அரங்கேற்றம் ஏன் கல்யாணச் செலவை எட்டிவிட்டது என்று புலம்பும் பெற்றோரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். செலவு குறையாது, கோபம் கொஞ்சம் குறையலாம்.

இனி எங்கே படிப்பது. உங்கள் பி.ஏ. தேசியத் தகுதிச் சட்டகத்தில் 7-ஆம் நிலை. மாஸ்டர்ஸ் 9-ஆம் நிலை. நடுவில் 8 என்று ஒரு படி இருக்கிறது: ஆனர்ஸ் அல்லது முதுகலை டிப்ளமோ. அதை முடிக்காமல் மேலே ஏற்றமாட்டார்கள். சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள் “பி.ஏ. முடித்தால் நேரே எம்.ஏ.தானே” என்பார்கள், அங்கே அப்படி, இங்கே இல்லை. இதைத் தெரியாமல் நேரே மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பித்து ஒரு வருடம் வீணடிப்பவர்கள் உண்டு.

நம் நாட்டில் இந்தப் பெயரிலேயே முழுப் படிப்பு என்றால் ஜோகன்னஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதன் கலைப் பள்ளியில் பண்பாட்டுக் கொள்கை மற்றும் மேலாண்மைத் துறை இருக்கிறது. 8-ஆம் நிலையிலும் சேரலாம், மாஸ்டர்ஸும் உண்டு, முனைவர் பட்டமும் உண்டு. மாஸ்டர்ஸில் வகுப்புப் பாடத்தோடு ஆராய்ச்சி அறிக்கை ஒன்று எழுதவேண்டும். பக்கத்திலேயே நியூடவுன், அங்கே கலைக் கவுன்சில், 1976-ல் தொடங்கிய மார்க்கெட் தியேட்டர் எல்லாம் நடந்து போகிற தூரம். படிப்பில் பாதி அந்தப் பக்கத்து காபிக் கடைகளில்தான் நடக்கும் என்பது என் எண்ணம்.

டர்பனை விட்டு வரமுடியாது, வகுப்பை நிறுத்தமுடியாது என்றால் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறையிலோ ஊடக-பண்பாட்டு ஆய்விலோ ஆனர்ஸ் செய்துவிட்டு, கொள்கை சார்ந்த தலைப்பில் ஆய்வேடு எழுதலாம். பெயர்ப்பலகை வேறாக இருக்கும், சரக்கு ஒன்றாக இருக்கலாம். எல்லாம் வழிகாட்டியைப் பொறுத்தது. சேருமுன் அவரிடம் நேரில் பேசிவிடுங்கள். அங்கே இன்னொரு லாபம், படைப்புக் கலைகள் மையம். 1979-ல் தொடங்கிய டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா, ஜோம்பா நடன விழா, பொயட்ரி ஆஃப்ரிக்கா கவிதை விழா ஆகியவற்றை நடத்துவது அந்த மையம்தான். விழா நாட்களில் அங்கே கைவேலைக்கு ஆள் தேவைப்படும், போய் நில்லுங்கள்.

லண்டன்? கோல்ட்ஸ்மித்ஸில் கலை நிர்வாகமும் பண்பாட்டுக் கொள்கையும் சேர்ந்த எம்.ஏ. பெயர்பெற்றது. ஒரே வருடத்தில் முடியும். ஆனால் பவுண்டில் கட்டவேண்டும், வகுப்பில் பேசப்போவது பெரும்பாலும் பிரிட்டனின் கலைக் கவுன்சிலும் அவர்கள் லாட்டரியும். நான் சொல்வது: முதலில் இங்கே 8-ஆம் நிலை, அப்புறம் ஓரிரு வருடம் வேலை, அதற்கப்புறம் மனசிருந்தால் பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு எப்படியும் இரண்டு வருட வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம் காட்டவேண்டும், முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்கவேண்டும். நம் ஊர்ப் பிரச்சினையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போனால் படிப்பு உதவும், வெறுங்கையோடு போனால் அவர்களுடைய பிரச்சினையோடு திரும்பி வருவீர்கள்.

உள்நாட்டுப் பணம் என்றால் பல்கலைக்கழகத்தின் சொந்த உதவித்தொகைகளும் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையும். அறக்கட்டளையில் வயது வரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

வேலையைப் பற்றி இனிப்பாகப் பேசமாட்டேன். நகராட்சி, மாகாணக் கலைத் துறை, அருங்காட்சியகம் எல்லாவற்றிலும் நிரந்தரப் பதவிகள் குறைவு, காலியானாலும் நிரப்புவது தாமதம். பெரும்பாலும் ஒப்பந்த வேலை: விழாத் தயாரிப்பு, நிதி விண்ணப்பம் எழுதுவது, அறக்கட்டளைக்கு மதிப்பீட்டு அறிக்கை. சம்பளம் ஆசிரியர் வேலையை எட்டினாலே நல்லது. நடன வகுப்பை விட்டுவிடாதீர்கள், அது உங்கள் மாத வருமானம் மட்டுமில்லை, உங்கள் ஆய்வுக்களமும் கூட.

ஆனால் ஒன்று. நம் சங்கங்களில், லாட்டரிப் பணத்திலிருந்து நிதி தரும் லாட்டரி ஆணையத்துக்கும் கலைக் கவுன்சிலுக்கும் ஒழுங்காக விண்ணப்பம் போடத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. ஆடிட் செய்த கணக்கு கேட்டால் பாட்டு நோட்டு மாதிரியே ஒரு கணக்கு நோட்டு வரும். “நமக்கு யார் கொடுக்கப்போகிறார்கள், நம் கைக்காசில் செய்துகொள்வோம்” என்பதை ஒரு பெருமையாகவே சொல்லிவந்திருக்கிறோம். ஒதுக்கி வைத்த காலத்தில் அது பிழைக்கும் வழி. இன்று அதனால் அரசுக் கணக்கில் நம் கலை இல்லவே இல்லை. கேட்காதவரின் பெயர் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. கொள்கை வரைவு கருத்துக்கு வரும்போது ஜோகன்னஸ்பர்க்கின் நாடகக் குழுக்கள் எழுதி அனுப்புகின்றன, கைவினைக் கூட்டுறவுகள் அனுப்புகின்றன, நம் பக்கமிருந்து வாழ்த்துச் செய்திதான் போகும்.

விண்ணப்பத்தோடு ஓர் ஆராய்ச்சிக் கேள்வி கேட்பார்கள். ‘தென்னாப்பிரிக்காவில் தமிழ்ப் பண்பாடு’ என்று எழுதினால் யாரும் சேர்க்கமாட்டார்கள், அது கேள்வியே இல்லை. இப்படி யோசியுங்கள்: அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவு, மொழி வாரியம் வளர்க்கவும் மதிப்பை உறுதிசெய்யவும் வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அது வந்தது 1996-ல். டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் தமிழும் மற்ற இந்திய மொழிகளும் அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் மூடப்பட்டன. சாசனத்தில் பெயர் ஏறிய சில வருடத்திலேயே வகுப்பறையில் பெயர் அழிந்தது எப்படி, எந்த அலுவலகத்தின் எந்த முடிவால்? அது ஆராய்ச்சிக் கேள்வி. ஆவணங்கள் தேடுவதற்கு வெஸ்ட்வில் வளாகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது, ஊருக்குள் 1860 மரபுரிமை மையம் இருக்கிறது. அல்லது மேலே சொன்ன அறுபது வயதுக் கோயில்களை எடுங்கள். சாட்ஸ்வர்த்தில் ஒரே ஒரு யூனிட்டில் (குடியிருப்புப் பகுதியில்) மூன்று கோயில்களை எடுத்தாலே மாஸ்டர்ஸுக்குப் போதும்.

பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் இரண்டு கேட்பார்கள். ஒன்று உங்களுக்குப் பாடம் நடத்திய ஆசிரியரிடம், இன்னொன்று வேலை தெரிந்த கலை நிர்வாகி யாரிடமாவது வாங்குங்கள். கோயில் தலைவர் தாமாகவே முன்வந்து நாலு பக்கம் எழுதித் தருவார், வாங்கிப் பத்திரமாக வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.